அக்காவின் நடை, ஐந்தாம் பதிப்பில்

எலும்பு சாரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் வேறு யாரும் எழுதப் போவதில்லை. நாற்பத்துச் சொச்சம் பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்ததில் பெரும் பங்கு என்னுடையது என்பதால் நானும் பேசாமல் இருந்துவிட்டால் எனக்குத்தான் நல்லது. ஆனால் என் வாய் சும்மா இருக்காது, அது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் குழு என்பது கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் செய்து பார்க்கிற பொழுதுபோக்குக்காரர்கள் இணையத்தில் கூடும் இடம். சினிமாக்காரர் ஒருவரும் கிடையாது. ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர் என்று இப்படி. நான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே மென்பொருளைக் கட்டிக்கொண்டு மாரடிப்போம். பந்தைக் குதிக்க வைப்போம், பூனையை ஓட விடுவோம், அதைக் குழுவில் போட்டு ஒருவரை ஒருவர் ஆஹா ஓஹோ என்போம். மற்ற நேரமெல்லாம் சண்டைதான். எந்தப் பதிப்பு உருப்படி, எந்தக் கருவி குப்பை, புதுசுக்கு மாறாதவன் ஏன் மாறவில்லை என்று வருஷக்கணக்காக அரைத்த மாவையே அரைப்போம். குழுவை நடத்துவது நான். கறாரான பேர்வழி என்பதால் எனக்கு ஹெட்மாஸ்டரம்மா என்று பெயர். அது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே மேடம்.

எலும்பு சார் தையல் மெஷின் மெக்கானிக். ஒரு துணி கம்பெனியில் இருநூற்றுச் சொச்சம் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். வயது ஐம்பத்து மூன்று. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். நகத்தடியில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. பொம்மைக்குள் எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்தினால்தான் அதை அசைக்க முடியும், அந்த வேலையில் எங்கள் குழுவில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அதனால் எலும்பு. "முழங்கால் பின்பக்கமா மடங்குது சார்" என்று யாராவது அழுதால், "ஊசி எறங்கி ஏறுற நேரத்துக்குக் கொக்கி வரணும் தம்பி, உங்க கொக்கி முன்னாடியே வந்துடுது" என்று ஆரம்பித்து, பொறுமையாக ஒரு மணி நேரம் எழுதுவார். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த மனுஷர் தன்னுடைய படத்தை மட்டும் முடிக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக ஒரே காட்சி. ஒரு நீண்ட தாழ்வாரம், அதன் கோடியிலிருந்து ஒரு பெண் வாசலுக்கு நடந்து வருகிறாள், அவ்வளவுதான். மொத்தம் நாற்பத்தைந்து நொடி. "என்ன சார், அக்கா இன்னும் வாசலுக்கு வந்து சேரலையா?" என்று பஸ் டிரைவர் கிண்டல் செய்வார். "பாதி வழி வந்துட்டாங்க" என்பார் எலும்பு சார். நாங்களும் சிரிப்போம்.

அது அவருடைய சொந்த அக்காதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது இவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்து இவரை வளர்த்து ஆளாக்கினார். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் அக்காவின் வலது கால் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. இடது காலை அழுத்தி ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, வலது காலை நுனிவிரலில் வைத்து எடுப்பாராம். நாலைந்து அடிக்கு ஒரு தடவை, எதையோ மறந்துவிட்ட மாதிரி லேசாக நின்று, இடுப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்புவாராம். அப்படி நிற்பது வலியால் என்று வெளியாட்கள் யாருக்கும் தெரியாது.

பத்து வருஷத்துக்கு முன்னால் அக்கா வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவர் நடப்பது எதிலுமே பதிவாகவில்லை. போட்டோவென்றால் உட்கார்ந்தபடி, இல்லாவிட்டால் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. எலும்பு சாரின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதில் ஒரு இடத்தில் அக்கா எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கேமராக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், கேமரா சீலிங் பக்கம் திரும்புகிறது. மறுபடி இறங்கும்போது அக்கா அந்தக் கோடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, எலும்பு சாருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அக்கா நடந்து வருவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். தன் ஞாபகத்தை வைத்து அதைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் பொம்மை இந்த நிலையில் இருக்க வேண்டும் என்று நாம் அடித்து வைக்கும் முளைக்குக் கீ என்று பெயர். இரண்டு கீகளுக்கு நடுவில் வருவதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். நாங்களெல்லாம் ஒரு அடிக்கு நாலு கீ வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள். எலும்பு சாருக்கு அது சரிப்படவில்லை. மென்பொருள் நிரப்பினால் நடை வழவழவென்று வந்துவிடுகிறது என்று, நொடிக்கு இருபத்துநான்கு படமென்றால் இருபத்துநான்கிலும் தன் கையாலேயே முளை அடித்தார். இடுப்புக்குத் தனி, முழங்காலுக்குத் தனி, சாய்ந்த தோளுக்குத் தனி. மொத்தம் நாலாயிரத்துக்கும் மேல்.

ஐந்தாம் பதிப்பு வந்தது. வந்த வாரம் எங்கள் குழு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் உற்சாகத்தில் ஒரு சட்டம் போட்டேன். இனி நாலாம் பதிப்பு பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது, கேட்டால் பதிவு நீக்கப்படும். கேட்ட கேள்வியையே கேட்டு என் உயிரை எடுத்தார்கள், எனக்கும் அலுத்துவிட்டது. "எனக்கு நாலே போதும் மேடம்" என்று எலும்பு சார் ஒரு வரி எழுதினார். நான் எல்லோரும் பார்க்கும்படி வெளுத்து வாங்கினேன். "போதும்னா வச்சுக்கோங்க சார். அப்புறம் சந்தேகம்னு இந்தப் பக்கம் வராதீங்க." ஒன்பது வருஷம் குழுவுக்கே வாத்தியாராக இருந்தவரிடம் அப்படிச் சொன்னேன். இருபது பேர் அதற்குக் கைதட்டும் படம் போட்டார்கள்.

அவர் வரத்தான் வேண்டியிருந்தது. நாலாம் பதிப்பில் பழைய கோளாறு ஒன்று உண்டு. பொம்மையின் உடம்பு திரும்பும்போது தரையில் ஊன்றிய கால் லேசாக வழுக்கும். சாதாரண நடையில் அது கண்ணுக்குத் தெரியாது. அக்காவின் நடையோ அந்த வலது நுனிவிரல் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்தான் இருக்கிறது, அது வழுக்கினால் எல்லாம் போச்சு. அவர் எட்டு நொடித் துண்டு ஒன்றைப் படமாக்கி, குழுவில் போட்டு, வழி கேட்டார். நாலாம் பதிப்புக் கேள்வி. பார்த்த மாத்திரத்தில் நீக்கினேன். "ஐந்துக்கு மாறுங்க சார், காலைத் தரையோட பூட்டுற கருவி அதில் இருக்கு" என்று தனியாக ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். அது பொய்யில்லை. கருவி இருந்தது, நன்றாகவும் வேலை செய்தது.

மாறுவதற்குப் பதினோரு படிகளில் ஒரு வழிகாட்டியும் நானே எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது படி: உங்கள் கோப்புகள் எந்தெந்த டிஸ்க்கில் இருந்தாலும் அத்தனையையும் செருகி வைத்துக்கொண்டு திறக்கவும். ஏனென்றால் ஒன்று விட்டுப்போனாலும் பொம்மையின் தோலும் துணியும் காணாமல் போய், எல்லாம் பளீரென்று ரோஸ் நிறத்தில் நிற்கும். புதுசாக வருகிறவர்கள் அதைப் பார்த்து அலறுவார்கள். ஏழாவது படி: கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆம்' கொடுக்கவும். என் பூனையையும் பந்தையும் வைத்து நானே சோதித்துப் பார்த்துத்தான் எழுதினேன். முப்பது பேர் அப்படியே மாறினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எலும்பு சார் போன் செய்தார். அதுவரை அவர் என்னை போனில் கூப்பிட்டதே இல்லை.

"மேடம், அக்கா நல்லா நடக்கறாங்க" என்றார்.

"அட, வாழ்த்துகள் சார்! கால் வழுக்கலையே?"

"வழுக்கல. நல்லா நடக்கறாங்க."

"நான்தான் அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. கேட்டீங்களா?"

"ஆமா மேடம்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராகக் குழுவுக்குப் போய், எலும்பு சாரே மாறிவிட்டார், அவருடைய அக்கா இப்போது ஜம்மென்று நடக்கிறார் என்று எழுதினேன். பாராட்டு குவிந்தது. "அக்கா வாசலுக்கு வந்தாச்சு!" என்று பஸ் டிரைவர் போட்டார். எலும்பு சார் எதற்கும் பதில் எழுதவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவர் மனைவி போன் செய்தார். "அவரு மூணு நாளா வேலைக்குப் போகல. சாப்பாடும் எறங்கல. கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்காரு, ஆனா எதையும் தொட மாட்டேங்கறாரு. கேட்டா உங்க நம்பரைத்தான் சொன்னாரு. என்னம்மா பண்ணீங்க அவரை?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கடையை மூடிவிட்டுப் போனேன். இரண்டாவது மாடி, இரண்டு அறை வீடு. கம்ப்யூட்டர் இருந்த அறையில் பிஸ்கட் டப்பா நிறைய பாபின், ஊசி, பல்சக்கரம். அவர் எழுந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பாருங்க மேடம்" என்று காட்சியை ஓடவிட்டார்.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். பச்சைக் கரை போட்ட சேலை, இழுத்து முடிந்த கொண்டை. இடது, வலது, இடது, வலது. சீரான அழகான நடை. ஐந்தாம் பதிப்பின் விளம்பரத்திலேயே போடலாம். எங்கேயும் நிற்கவில்லை, எந்தப் பக்கமும் சாயவில்லை. நாற்பத்தைந்து நொடிக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டாள். மிச்ச நொடிகளில் சும்மா நின்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கோப்பைத் திறக்கும்போது ஐந்தாம் பதிப்பு அதைத் துப்புரவு செய்கிறது. தேவையில்லாத கீகளைத் தூக்கிவிட்டு, திக்கித் திக்கி வரும் அசைவை நீவிவிடுகிறது. கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்கிறது, அதற்குத்தான் நான் 'ஆம்' கொடுக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் பொம்மைகள் எல்லாம் அதனால் முன்னைவிட நன்றாகத்தான் நடந்தன. எங்களுடைய கோணல்கள் கைத்தவறால் வந்தவை, போனால் லாபம். வேண்டுமென்றே கோணலைச் செய்தவர் இவர் ஒருவர்தான். நாலாயிரத்துச் சொச்சம் கீயில் தொண்ணூற்றாறு மிச்சம்.

"இன்னொரு பிரதி இருக்குமே சார்? வேற டிஸ்க்குல?"

"இருந்துச்சு மேடம். செருகித்தான் வச்சிருந்தேன்."

மூன்றாவது படி. இரண்டு டிஸ்க்கையும் மென்பொருள் தேடிக் கண்டுபிடித்து, பக்குவமாக இரண்டையும் துப்புரவு செய்திருந்தது. ஒன்றில் நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு, மற்றதில் பதினொன்று நாற்பத்து மூன்று. அழிந்த கோப்பை மீட்டுத் தரும் கடைக்கு நானே இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, "அழிஞ்சிருந்தா எடுத்திருக்கலாம்மா, இது மேலேயே எழுதியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

"மறுபடி செஞ்சுடலாம் சார், நாங்க நாற்பது பேர் இருக்கோம், ஆளுக்குக் கொஞ்சம் செய்யறோம்" என்றேன். பல் டாக்டர்கூட லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். ஆனால் எதைப் பார்த்துச் செய்வது? அக்காவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவர் மனைவி பார்த்திருக்கிறார். பதினாறு வருஷம் அதே வீட்டில் நாத்தனாரோடு இருந்தவர். டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் நடந்து காட்டட்டுமா? எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். வெளியே மாடித் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் நின்றார். நான் போனில் படம் பிடித்தேன். வலது காலை நுனிவிரலில் வைத்து, உடம்பைச் சாய்த்து, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நடந்து வந்தார். எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரியாகத்தான் நடக்கிறார் என்று நினைத்தேன்.

எலும்பு சார் தலையை ஆட்டினார். "இது இல்லம்மா. இது நொண்டி நடக்கறது. அக்கா நொண்ட மாட்டாங்க."

"பின்ன எப்படித்தான் நடப்பாங்க? சொல்லுங்க, நடக்கறேன்" என்றார் மனைவி.

அவர் எழுந்து தானே இரண்டு அடி வைத்துப் பார்த்தார். நின்றார். மறுபடி ஆரம்பித்தார். எந்தத் தோள் இறங்கும் என்பதில் குழம்பினார். அந்த அம்மா தாழ்வாரத்தில் செருப்பில்லாமல், ஒரு காலை நுனிவிரலில் வைத்தபடி, அவர் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"மேடம்" என்று என் பக்கம் திரும்பினார். "அந்த எட்டு செகண்ட். குழுவுல போட்டேனே. அது இருக்குமா?"

அவர் நாலாம் பதிப்பில் செய்ததிலிருந்து வெளியே வந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். கால் வழுக்கும் துண்டை எதற்குச் சேர்த்து வைப்பது என்று தன்னிடம் இருந்ததை அன்றே அழித்திருக்கிறார்.

"நீக்கிட்டேன் சார். நீக்கினா முப்பது நாள்ல அங்கேயும் அழிஞ்சுடும்."

"சரி, போகட்டும். நீக்கறதுக்கு முன்னாடி பார்த்தீங்கல்ல? நிக்கற இடத்துல முதல்ல இடுப்பு திரும்புச்சா, தோள் திரும்புச்சா? அது மட்டும் தெரிஞ்சா போதும். மிச்சத்தை நான் பிடிச்சுடுவேன்."

நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தலைப்பில் நாலாம் பதிப்பு என்றிருந்தது, நீக்கினேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோள் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நல்லவேளை, அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. "பார்க்கல சார்" என்றேன். அவர் திட்டியிருக்கலாம். "பரவாயில்ல மேடம், உங்களுக்கு எத்தனை பேரைப் பார்க்கணும்" என்றார். படி இறங்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சட்டத்தை எடுத்துவிட்டேன். வழிகாட்டியில் மூன்றாவது படியையும் ஏழாவது படியையும் திருத்திச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டேன். அதனால் யாருக்கு என்ன வந்தது? எலும்பு சார் வேலைக்குப் போக ஆரம்பித்தார். குழுவுக்கு மட்டும் வரவில்லை. முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்று யாராவது கேட்டால், இப்போது அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் என் கடைக்கு வந்தார். கம்பெனி அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டுமாம். அதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, அவர் தெருவிலேயே இரண்டு கடை இருக்கிறது. ஸ்டூலில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, காலரைச் சரிசெய்தேன். இளைத்திருந்தார். படம் எடுத்து முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"மறுபடி ஆரம்பிச்சேன் மேடம்" என்றார். "முதல்லேருந்து. ஒவ்வொரு படமா."

"வருதா சார்?"

"எப்படி வச்சாலும் நேராத்தான் வருது. அந்தப் புது நடையை அன்னைக்கு மூணு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன்ல? எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சுச் சரிபண்ணிடலாம்னு பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இப்போ கண்ணை மூடினா அதுதான் ஓடுது. பழசு வர மாட்டேங்குது."

அவர் தலைக்குள் பத்திரமாக இருந்ததைத்தான் ஒன்பது வருஷமாக வெளியே எடுத்து வைத்தார். வைத்த இடத்திலும் இல்லை, எடுத்த இடத்திலும் இல்லை என்று ஆக்கிவிட்டோம். பிரிண்ட் வெளியே வந்துகொண்டிருந்தது. அதைக் கத்தரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போன வாரம் கனவுல வந்தாங்க" என்றார். "பத்து வருஷத்துல முதல் தடவை. ஒரு தாழ்வாரம், நான் நடுவுல நிக்கறேன். எதிர்ல ஒரு அம்மா நேரா, வேகமா நடந்து வர்றாங்க. யாரோ அவசரமா போறாங்கன்னு நான் சுவத்தோட ஒதுங்கி வழிவிட்டேன் மேடம். தாண்டிப் போனப்புறம்தான் அந்தப் பச்சைக் கரையைப் பார்த்தேன்."